காற்றடித்தால் ஒதுங்கி நடக்கவும்

அடுத்தவர் சாவைப் பற்றிப் பேசிக்கொண்டே சாவகாசமாகக் காபி குடிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் ஜோசியர், இன்னொருவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். ஜோசியராவது பரிகாரம் சொல்லிவிட்டு, தட்சிணையை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார். ஏஜெண்ட் போகமாட்டார். "ஒரு பேச்சுக்குச் சொல்றேன் சார், நாளைக்கு நீங்க இல்லைன்னு வைங்க..." என்று ஆரம்பித்து, முறுக்கைக் கடிப்பதைப் பாதியில் நிறுத்தி, நம் வீட்டுக்காரம்மாவை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

இப்படி ஊர் ஊராகப் போய், பயத்தைத் தவணை முறையில் விற்றுச் சேர்த்த பணத்தைக் கம்பெனி என்ன செய்யும்? நமக்காகப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், அதில் ஒரு பங்கு எப்போதும் வானத்தை நோக்கிப் போயிருக்கிறது. அடுக்குமாடி அலுவலகம் என்கிற காய்ச்சல் உலகத்துக்குப் பரவியதில் பாங்க்காரர்கள், பத்திரிகை முதலாளிகள், தையல் மிஷின் கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் தும்மல் போட்டது இன்ஷூரன்ஸ்தான்.

காரணம் ரொம்ப எளிது. ஜவுளிக்கடைக்காரர் புடவையை விரித்துக் காட்டலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி எதைக் காட்டும்? நாற்பது வருஷம் கழித்துப் பணம் தருகிறோம் என்று அச்சடித்த ஒரு காகிதம், அவ்வளவுதான் சரக்கு. வாங்குகிறவன் நியாயமாகக் கேட்பான்: "நான் போய்ச் சேர்ந்த பிறகு நீ இருப்பியா?" அதற்குப் பதிலாகத்தான் கல்லிலும் இரும்பிலும் ஒரு பிரம்மாண்டத்தைக் கட்டி நிறுத்தி, "இதைத் தூக்கிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓட முடியுமா, நீயே சொல்லு" என்றன கம்பெனிகள்.

ஓட முடியாது, வாஸ்தவம். ஆனால் ஆபத்தை எடைபோடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் கட்டிய கட்டடங்களுக்கு நேர்ந்த ஆபத்துகள் இருக்கின்றனவே, அதை மட்டும் எந்த ஏஜெண்டும் நம்மிடம் சொல்லமாட்டார்.

நியூயார்க் பிராட்வேயில் ஈக்விடபிள் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி 1870ல் தன் தலைமை அலுவலகத்தைக் கட்டியது. ஆளேறும் லிஃப்ட் வைத்துக் கட்டிய முதல் அலுவலகக் கட்டடம் அது. அதுவரைக்கும் மேல்மாடி என்றால் மூச்சு வாங்க ஏறுகிறவனுக்கு, வாடகையும் குறைவு. கனவான்கள் எல்லாம் கீழே இருப்பார்கள். லிஃப்ட் வந்ததும் உலகம் தலைகீழாகி, காசுள்ளவன் மேலே போனான். இன்றைக்கு எம்.டி.யின் அறை உச்சியில் இருப்பதற்கும், நம் மேஜை கழிப்பறைக்குப் பக்கத்தில் இருப்பதற்கும் ஆதிமூலம் அங்கே இருக்கிறது.

கட்டடம் தீப்பிடிக்காதது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். 1912 ஜனவரி 9ஆம் தேதி காலையில், அடித்தளத்தில் யாரோ ஒருவர் விளக்கேற்றிவிட்டு அணையாத தீக்குச்சியைக் குப்பைக்கூடையில் போட்டார். தீப்பிடிக்காத கட்டடம் திகுதிகுவென்று எரிந்தது. அன்றைய குளிரில் தீயணைப்பு வண்டிகள் பீய்ச்சிய தண்ணீர் சுவரிலேயே உறைந்து, உள்ளே நெருப்பும் வெளியே பனிக்கட்டியுமாகக் கட்டடம் நின்றது. ஆறு பேர் இறந்துபோனார்கள், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் கீழே இருந்த பெட்டகக் கம்பெனியின் தலைவரே, பத்திரங்களைப் பார்க்க உள்ளே போய், தன் சொந்தக் கம்பிக்கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். திருடன் உள்ளே வர முடியாதபடி பார்த்துப் பார்த்துப் போட்ட கம்பி. தீயணைப்புக்காரர்கள் ஒவ்வொரு கம்பியாக ரம்பத்தால் அறுத்து அவரை வெளியே இழுத்தார்கள். பெட்டகத்தின் தரத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது.

அதே மனையில், அதே பெயரில் 1915ல் 38 மாடி எழும்பியது. மனை ஒரு ஏக்கருக்கும் குறைவு. அதன் மேல் ஏறிய தளப்பரப்பு 12 லட்சம் சதுர அடி. ஏழு ஏக்கருக்கு நிழல் விழுந்தது. பட்டப்பகலில் அக்கம்பக்கத்துக்காரர்கள் விளக்கேற்ற வேண்டியதாயிற்று. அவர்கள் போட்ட கூச்சலும் சேர்ந்து 1916ல் நியூயார்க் நகரம் ஒரு சட்டமே கொண்டுவந்தது: மேலே போகப் போகக் கட்டடம் படிப்படியாக உள்ளே ஒடுங்க வேண்டும். பழைய ஹாலிவுட் படங்களில் பார்க்கிற அந்த அடுக்கடுக்கான நியூயார்க் முழுக்க ஒரு நிழல் சண்டையில் பிறந்தது.

சிகாகோவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1885ல் அங்கே ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம், பத்து மாடி, 138 அடி. வில்லியம் லெ பேரன் ஜென்னி என்ற பொறியாளர் சுவரின் தலையிலிருந்து பாரத்தை இறக்கி, பெரும்பகுதியை இரும்புச் சட்டத்தின் தலையில் வைத்தார். அவருடைய மனைவி தடிப்புத்தகம் ஒன்றைக் கிளிக்கூண்டின் மேல் வைத்ததைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. நம்ப வேண்டியதில்லை. கண்டுபிடித்தவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு கதையைப் பின்னால் வருகிறவர்கள் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். 1931ல் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். இடிக்கும்போது ஒரு கமிட்டி உட்கார்ந்து எலும்புகளைப் புரட்டிப் பார்த்து, உலகத்தின் முதல் வானளாவி இதுவேதான் என்று தீர்ப்புச் சொன்னது. உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் விட்டுவைத்திருப்பார்களோ என்னவோ.

அடுத்தது மெட்ரோபாலிடன் லைஃப். உலகத்திலேயே உயரமான கட்டடம் வேண்டும், அழகாகவும் இருக்க வேண்டும் என்று தேடியபோது, அதன் வடிவமைப்பாளர்கள் முன்மாதிரியாகப் பிடித்தது வெனிஸ் நகரத்தின் புனித மாற்கு மணிக்கூண்டை. நல்ல தேர்வுதான். ஒரே ஒரு சிக்கல், அந்த மணிக்கூண்டு 1902 ஜூலையில் இடிந்து விழுந்திருந்தது. மனித உயிர்ச்சேதம் இல்லை. காவல்காரர் வளர்த்த பூனை மட்டும் போயிற்று என்பார்கள், அதற்குப் பாலிசி இருந்ததாகத் தகவல் இல்லை. உலகத்துக்கே ஆயுள் காப்பீடு விற்கிற கம்பெனி, ஆயுள் முடிந்த ஒரு கோபுரத்தைப் பார்த்து 700 அடிக்குக் காப்பியடித்து 1909ல் முடித்தது. அசலை வெனிஸ்காரர்கள் திரும்பக் கட்டி முடித்தது 1912ல். நடுவில் மூன்று வருஷம் அசல் இல்லாமல் நகல் மட்டும் உலகத்தில் நின்றிருக்கிறது.

நம் எல்.ஐ.சி.யும் இந்த வம்சம்தான். மவுண்ட் ரோட்டில் ஆரம்பித்தது யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி. கட்டிக்கொண்டிருக்கும்போதே 1956ல் ஆயுள் காப்பீடு தேசியமயமாகிவிட்டது. 1959ல் திறப்பு விழா நடந்தபோது வீட்டுக்காரர் வேறு. 177 அடிதான். ஆனாலும் ஊரிலிருந்து வந்தவர்கள் மெரினாவுக்கு முன்னால் அதைப் பார்க்கப் போன காலம் உண்டு. 1975ல் அதிலும் தீ. அந்த வருஷம் இன்ஷூரன்ஸ் கோபுரங்களுக்கே கிரகம் சரியில்லை போலிருக்கிறது. ஏனென்றால் அதே வருஷம் அமெரிக்காவில் இந்த வம்சத்தின் கடைக்குட்டி பட்டுக்கொண்டிருந்த பாட்டுக்கு முன்னால் மற்றதெல்லாம் தூசு.

பாஸ்டன் போவோம்.

1776ல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஜான் ஹான்காக் என்ற பாஸ்டன்காரர் மற்ற எல்லோரையும்விடப் பெரிதாகப் போட்டார். அந்தப் பக்கத்தைப் பார்த்தால் அவர் போட்ட பிறகு மிச்சமிருந்த இடத்தில் மற்றவர்கள் ஒண்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அவர் பெயரில் 1862ல் பாஸ்டனில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி தொடங்கியது. பெயர் ராசி சும்மா விடுமா?

கம்பெனி 1947ல் 26 மாடியில் ஒரு கட்டடம் கட்டி, உச்சியில் ஊருக்கு வானிலை சொல்லும் விளக்கு வைத்தது. நீலம் நிலையாக எரிந்தால் வானம் தெளிவு, நீலம் சிமிட்டினால் மேகம். சிவப்பு நிலையாக எரிந்தால் மழை, சிமிட்டினால் பனி. கோடையில் பனி பெய்யாது என்பதால், கோடையில் சிவப்பு சிமிட்டினால் ரெட் சாக்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் ரத்து என்று அர்த்தம். ஊரே அண்ணாந்து பார்த்துக் குடை எடுத்தது. கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்?

1964ல் வந்தது வினை. நியூஜெர்சியிலிருந்து ப்ருடென்ஷியல் என்ற இன்னொரு இன்ஷூரன்ஸ் கம்பெனி வந்து, ஹான்காக்கின் கண் முன்னால், பாஸ்டனில், 52 மாடியில் 749 அடிக்கு ஒரு கோபுரத்தை நட்டுவிட்டது. வெளியூர்க்காரன். போட்டிக் கம்பெனி. போதாக்குறைக்கு உச்சியில் பெயர்ப்பலகை. ஹான்காக் அதே சமயத்தில் சிகாகோவில் நூறு மாடி எழுப்ப ஆரம்பித்திருந்தது என்பது உண்மை. ஆனால் வெளியூரில் நூறு மாடி இருந்து என்ன, சொந்த ஊரில் ஜன்னலைத் திறந்தால் எதிரியின் பெயரல்லவா தெரிகிறது.

ஆகவே 60 மாடி, 790 அடி. கூட்டிக் கழித்தால் 41 அடி அதிகம். இந்த 41 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவமைப்பு ஐ.எம். பேயின் நிறுவனம். பொறுப்பேற்றவர் அதில் பங்குதாரரான ஹென்றி காப், அவரும் பாஸ்டன்காரர். அவருக்கு முன்னால் இருந்த பிரச்சினை சாதாரணமானதல்ல. இடம் காப்ளி சதுக்கம். பக்கத்திலேயே டிரினிட்டி தேவாலயம், 1877ல் முடிந்தது, ரிச்சர்ட்சன் என்ற மேதை கட்டியது, அமெரிக்காவின் தலைசிறந்த கட்டடங்களில் ஒன்று. அதன் தலைமாட்டில் 60 மாடி அலுவலகத்தை வைத்தால் ஊர் காறித் துப்பும். காப் ஒரு தந்திரம் செய்தார். கட்டடத்தைச் செவ்வகமாக வைக்காமல் இணைகரமாக ஒல்லியாக்கி, மெல்லிய விளிம்பைச் சதுக்கத்தின் பக்கம் திருப்பினார். உடம்பு முழுக்கக் கண்ணாடி போர்த்தினார். கண்ணாடியில் வானம் தெரியும், மேகம் தெரியும், தேவாலயம் தெரியும். கோபுரம் மட்டும் தெரியாது. இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும். சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கட்டடக்கலைஞர்கள் பேச்சு எப்போதுமே அப்படித்தான், பள்ளம் தோண்டுகிறவரைக்கும்.

பள்ளம் தோண்டினார்கள்.

பாஸ்டனின் பேக் பே பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலோரச் சதுப்பை மண் கொட்டி மேடாக்கிய இடம். டிரினிட்டி தேவாலயமே ஈரமண்ணில் இறக்கிய சுமார் 4,500 மரக்கம்பங்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த மரம் உளுக்காமல் இருக்க வேண்டுமென்றால் நிலத்தடி நீர் வற்றக் கூடாது, மண் அசையக் கூடாது. ஹான்காக் அடித்தளத்துக்காகத் தோண்டிய பள்ளத்தின் தடுப்புச் சுவர்கள் உள்பக்கம் சாய்ந்தன. சுற்றியிருந்த மண் அதோடு நகர்ந்தது. தெருவுக்கடியில் குழாய்கள் கோணின. தேவாலயத்தின் சுவரில் விரிசல் ஓடியது.

தேவாலயத்துக்கு மரியாதை செய்ய என்றுதானே கண்ணாடி போர்த்தினார்கள்? போர்த்தியாயிற்று. விரிசல் விட்ட தேவாலயம் அதில் தெளிவாகத் தெரிந்தது.

சபையார் பொறுமைசாலிகள், ஆனால் வக்கீலும் வைத்திருந்தார்கள். வழக்கு இழுத்து இழுத்து, 1987ல் மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தேவாலயத்தின் பக்கம் முடிந்தது. வட்டியோடு ஒரு கோடி டாலருக்கு மேல். இதுவரைக்கும் நடந்ததெல்லாம் தரைக்குக் கீழே.

தரைக்கு மேலே 10,344 ஜன்னல்கள். ஒவ்வொன்றும் நாலரை அடி அகலம், பதினோரு அடிக்கு மேல் உயரம், 500 பவுண்டு, அதாவது 225 கிலோவுக்கு மேல் எடை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடி. வெயிலைத் திருப்பியனுப்ப வெளிக்கண்ணாடியின் உள்பக்கத்தில் குரோமியப் பூச்சு. அன்றைய தேதிக்கு அப்படிப்பட்ட சரக்கை அவ்வளவு பெரிய அளவில் யாரும் மாட்டியதில்லை. யாரும் செய்யாததைச் செய்கிறோம் என்று ஒருவன் சந்தோஷமாகச் சொன்னால், ஏன் யாரும் செய்யவில்லை என்று கேட்பதுதான் இன்ஷூரன்ஸ்காரனுடைய வேலை. அன்றைக்கு அவன் லீவில் இருந்தான்.

1973 ஜனவரி 20. பகலில் வாஷிங்டனில் நிக்சன் இரண்டாவது முறையாகப் பதவியேற்றார். ராத்திரி பாஸ்டனில் மணிக்கு 75 மைல் வேகத்தில் காற்று. கட்டி முடியாத ஹான்காக் கோபுரத்திலிருந்து கண்ணாடிகள் பெயர்ந்து விழ ஆரம்பித்தன. விழுந்த கண்ணாடி சுழன்று போய் வேறு கண்ணாடிகளில் மோதி அவற்றையும் இழுத்துக்கொண்டு வந்தது. விடிந்தபோது சதுக்கம் முழுக்க நொறுங்கிக் கிடந்தது. கண்ணாடி முந்திக்கொண்டது, நிக்சன் விழ இன்னும் ஒன்றரை வருஷம் ஆயிற்று.

ஒருத்தர் தலையிலும் விழவில்லை. டிரினிட்டியின் கர்த்தர் பெரிய மனசுக்காரர் என்றுதான் சொல்ல வேண்டும், விரிசலை எல்லாம் மறந்திருக்கிறார்.

கண்ணாடி போன இடத்தில் என்ன வைப்பது? பிளைவுட். காற்றடித்தால் இன்னும் சில ஜன்னல் போகும், இன்னும் சில பலகை ஏறும். ஒரு கட்டத்தில் அறுபது மாடிக் கண்ணாடிக் கோபுரத்தில் ஒரு ஏக்கருக்கு மேல் பிளைவுட் இருந்தது. வானமும் மேகமும் தெரிய வேண்டிய இடத்தில் பலகையும் ஆணியும். ஊர்க்காரர்கள் அதற்குப் 'பிளைவுட் மாளிகை' என்று பெயர் வைத்தார்கள். உலகத்திலேயே உயரமான மரக்கட்டடம் எங்கள் ஊரில் இருக்கிறது என்று விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். கீழே போலீசுக்கு ஒரு புது டியூட்டி வந்தது. காற்று மணிக்கு 45 மைலைத் தொட்டால், சுற்றியிருக்கிற தெருக்களை அடைத்துவிட வேண்டும். பக்கத்திலேயே அந்தப் பழைய 26 மாடிக் கட்டடம், உச்சியில் வானிலை விளக்கு. மழைக்கு ஒரு சைகை, பனிக்கு ஒரு சைகை, பேஸ்பாலுக்குக்கூட ஒரு சைகை இருந்தது. ஜன்னல் விழப்போகிறது என்பதற்கு மட்டும் வண்ணம் ஒதுக்க மறந்திருந்தார்கள்.

ஏன் விழுகிறது என்று ஆளாளுக்கு ஒரு ஜாதகம் கணித்தார்கள். காற்றழுத்தம் என்றார் ஒருவர். கட்டடம் ஆடுகிறது என்றார் இன்னொருவர். மண் இறங்குகிறது என்றார்கள், மண்ணின் முந்தைய சரித்திரத்தைப் பார்த்தால் அதுவும் நியாயமான சந்தேகம்தான். எம்.ஐ.டி.யின் காற்றுச் சுரங்கத்தில் பேக் பே பகுதியையே சின்னதாகச் செய்து வைத்து ஊதிப் பார்த்தார்கள்.

உண்மையான குற்றவாளி இவை எதுவுமில்லை. ஜன்னலின் ஓரத்தில், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஓடிய ஈயப்பட்டையும் அதை ஒட்டிய பற்றவைப்பும்தான். ஜன்னல் கண்ணாடி சும்மா இருப்பது போலத் தெரியுமே தவிர, காற்றில் லேசாக உள்ளே வெளியே தொப்பையடித்துக்கொண்டேதான் இருக்கும். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஓரத்தில் பிடித்திருக்கிற பொருள் அதற்குத் தக்கபடி கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்க வேண்டும். இந்தப் பற்றவைப்போ இம்மியும் கொடுக்கவில்லை. ஒட்டியது ஒட்டியதுதான் என்று இறுக்கிப் பிடித்தது. ஒவ்வொரு அசைவும் நேரே கண்ணாடியின் விளிம்புக்குப் போய், அங்கே கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் பெயர்ந்தன. சில்லு கீறலாயிற்று, கீறல் ஓடிற்று, ஜன்னல் தெருவுக்கு வந்தது. மட்டமான ஒட்டுவேலையால் விழுந்த கட்டடங்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இது ஒட்டுவேலை ரொம்ப நன்றாக இருந்ததால் வந்த கேடு.

இதெல்லாம் ஊருக்குத் தெரிய வருஷக்கணக்காயிற்று. கம்பெனி கண்ணாடிக்காரரைச் சொல்ல, கண்ணாடிக்காரர் வடிவமைத்தவரைச் சொல்ல, வழக்குமேல் வழக்கு. கடைசியில் சமரசம் பேசியபோது யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பதும் ஒரு நிபந்தனை. பேயின் நிறுவனத்துக்குக் கொஞ்ச காலம் பெரிய வேலைகள் வருவதே குறைந்தது. ஜன்னல் விழுந்த வீடு என்றால் மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கத்தானே செய்வார்கள்.

பரிகாரம்: 10,344 ஜன்னல்களையும் கழற்று. விழுந்தது, விழாதது என்ற பேதம் வேண்டாம். அதற்குப் பதில் வெப்பப்பதம் செய்த ஒற்றைக் கண்ணாடியை மாட்டு. மாட்டினார்கள். இரட்டைக் கண்ணாடி போட்டதே உள்ளிருக்கும் சூடும் குளுமையும் வெளியே போகாமல் இருக்கத்தான். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூட, அமெரிக்கா முழுக்க விளக்கை அணை, ஹீட்டரைக் குறை என்று மந்திரிகள் கெஞ்சிக்கொண்டிருந்த காலம். சரியாக அந்தச் சமயம் பார்த்து ஹான்காக் இரட்டையிலிருந்து ஒற்றைக்கு இறங்கியது.

இதோடு போயிருக்கலாம். ஜன்னலை ஆராய வந்த நிபுணர்கள் கட்டடத்தையும் தட்டிப் பார்த்தார்கள். டாக்டரிடம் நகச்சுத்திக்குப் போனவனுக்கு ரத்தக்கொதிப்பு கண்டுபிடித்த கதையாயிற்று. கோபுரம் காற்றில் ஆடியது, ஆடுவது உயரமான எல்லாக் கட்டடத்துக்கும் உள்ள பழக்கம்தான். இது ஆடியதோடு முறுக்கவும் செய்தது. இணைகர உடம்பு, ஒரு முனை இந்தப் பக்கம் வர மறுமுனை அந்தப் பக்கம் போகும். மேல்மாடிகளில் வேலை பார்க்க வருகிறவர் தலைசுற்றலுக்கு மாத்திரையும் கொண்டுவர வேண்டியிருக்கும்.

வில்லியம் லெமெஷூரியர் என்ற பொறியாளரைக் கூப்பிட்டார்கள். அவர் 58ஆவது மாடியில் இரண்டு முனைகளிலும் ஆளுக்கொன்றாக இரண்டு பெட்டிகளை வைக்கச் சொன்னார். எஃகுப் பெட்டி, 17 அடிக்கு 17 அடி, மூன்றடி உயரம், உள்ளே ஈயம், எடை 300 டன். ஒன்று 300, இரண்டும் சேர்த்து 600. கீழே எஃகுத் தகடு, தகட்டில் எண்ணெய். காற்றடித்துக் கோபுரம் நகரும்போது, பெட்டி சோம்பேறித்தனமாக இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும், எண்ணெயில் வழுக்கும். அதைக் கட்டடத்தோடு பிணைத்திருக்கிற வில்சுருள்கள் இழுபட்டுக் கட்டடத்தைத் திரும்ப இழுக்கும். ஆட்டம் அடங்கும். முறுக்கினால் இரண்டு பெட்டியும் எதிரெதிர்த் திசையில் இழுத்து முறுக்கை எடுத்துவிடும். செலவு சுமார் 30 லட்சம் டாலர். அலுவலகத்தில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பதற்காக நியமனம் பெற்றவர்கள் என்று பார்த்தால், பொறியியல் ஆதாரத்தோடு இருப்பது இந்த இரண்டு பேர்தான். மற்ற அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு அப்படி ஆதாரம் எதுவும் இல்லை. (இதே லெமெஷூரியர் வடிவமைத்த நியூயார்க்கின் சிட்டிகார்ப் கட்டடத்தை 1978ல் யாருக்கும் தெரியாமல் ராத்திரி ராத்திரியாக வெல்டிங் வைத்துக் காப்பாற்றினார்கள். அது பாங்க் கட்டடம், நமக்கெதற்கு.)

இனியாவது நிம்மதி என்று ஹான்காக் மூச்சு விட்டபோது, சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரத்திலிருந்து புரூனோ தூர்லிமான் என்ற பொறியாளர் கணக்குகளைப் பார்த்துவிட்டு ஒரு சேதி சொன்னார். கட்டடம் விழுந்தாலும் விழலாம். அதுவும் எந்தப் பக்கமாக? அகலமான முகத்தின் பக்கம் சாயும் என்றுதான் நானும் நீங்களும் நினைப்போம். அவர் சொன்னது ஒல்லி விளிம்பின் பக்கமாக. நிற்கவைத்த புத்தகம் அட்டைப்பக்கம் குப்புற விழாமல் முதுகுப்பக்கம் விழுந்த மாதிரி. நீளவாக்கில்தான் இவ்வளவு நீளம் இருக்கிறதே என்று அந்தத் திசையில் சட்டத்தைப் போதிய அளவு விறைப்பாக்கவில்லை. காற்றில் கொஞ்சம் சாய்ந்தால், சாய்ந்த கட்டடத்தின் சொந்த எடையே அதை இன்னும் சாய்க்கும். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் தேறவில்லை.

அவர் சொன்ன ஆபத்து நிகழ வாய்ப்பு சொற்பம்தான். ஆனால் சொற்ப வாய்ப்பைக் காட்டிக் காசு பார்த்த கம்பெனியிடமே போய் "வாய்ப்பு சொற்பம், விடுங்கள்" என்று யார் சொல்வது? 1,500 டன் எஃகை உள்ளே கொண்டுபோய், நடுத்தண்டில் குறுக்குச் சட்டங்களாக அடித்தார்கள். 50 லட்சம் டாலர். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

1971ல் திறக்க வேண்டிய கட்டடம் 1976ல் திறந்தது. ஏழரைக் கோடி டாலர் என்று ஆரம்பித்த செலவு பதினேழரைக் கோடியில் நின்றது. நம் ஊரில் ஏழரை என்றால் சனி நினைவுக்கு வரும், அமெரிக்காவில் யாரும் எச்சரிக்கவில்லை. மறு வருஷமே அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகம் அந்தக் கோபுரத்துக்குத் தேசிய விருது கொடுத்தது. 2011ல் காலத்தை வென்று நின்றதற்காக இன்னொரு விருது. அழகில் குறை சொல்ல முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மேகம் போகிற நாளில் அந்தக் கட்டடத்தைப் படத்தில் பார்த்தால்கூட ஹென்றி காப்பின் தந்திரம் பலித்துவிட்டது தெரிகிறது. மூன்று தரம் பழுது பார்த்த பிறகு என்றாலும் பலித்தது பலித்ததுதான்.

ஹான்காக் 2003ல் கோபுரத்தை விற்றது. 2006ல் அது 130 கோடி டாலருக்குக் கைமாறியது. வாங்கியவர்கள் கடனைக் கட்ட முடியாமல் போக, 2009 மார்ச்சில் ஏலத்துக்கு வந்து, ஏறக்குறைய பாதி விலையான 66 கோடிக்குப் போயிற்று. 2015ல் பெயரும் போயிற்று. இப்போது அதற்குக் கதவு எண்தான் பெயர்: 200, கிளாரெண்டன் தெரு.

உயரம் மட்டும் போகவில்லை. பாஸ்டனில் இன்றைக்கும் அதுதான் முதலிடம். கூடுதலாக ஆன பத்துக் கோடி டாலரை ப்ருடென்ஷியலை ஜெயித்த 41 அடியால் வகுத்துப் பார்த்தேன், அடிக்கு 24 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. ப்ருடென்ஷியல் கோபுரத்தின் தலையில் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் இன்னும் எரிகிறது. 41 அடி கீழேதான்.